கரும்பாசியும் வசந்தா மேடமும்

போன மாதம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. வெள்ளை டைல்ஸ் பதித்த நீச்சல்குளம். அதன் ஒரு பக்கச் சுவரில் மிளகைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அனுப்பியவர், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண். இப்போது அவர்களுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்க விட்டால் போதும், எல்லா அளவும் போனுக்கு வந்துவிடும்; எந்த மருந்தை எவ்வளவு போட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடும். அது சொன்னபடி மூன்று தடவை போட்டாராம். மூன்று தடவையும் புள்ளிகள் போய், மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டனவாம். உங்கள் காலத்தில் இதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்.

நாலு வரியில் பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு வரியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. அதில் பெரும்பகுதி என்னுடைய அறிவு இல்லை, வசந்தா மேடத்துடையது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மார்டள்ளி, மைசூருக்குக் கிழக்கே தமிழர்கள் வாழும் ஒரு கிராமம். இருபது வயதில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு மைசூருக்கு வந்தேன். வீடுகள், ஓட்டல் குளியலறைகள், அப்புறம் நீச்சல்குளங்கள் என்று வேலை போயிற்று. தண்ணீர் நிரப்புவதற்கு முன்னால் ஒரு குளம் எப்படி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. குத்தவைத்துக் குத்தவைத்து முட்டி தேய்ந்த பிறகு, நின்றபடி செய்யும் வேலையாக இருக்கட்டும் என்று குளம் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். நாங்கள் ஆறு பேர், ஒரு வேன்.

அங்கே முதல் சில வருடங்களில் நான் கற்றுக்கொண்டதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். தண்ணீர் பச்சையாக இருந்தால் குளோரின் போடு. கலங்கலாக இருந்தால் படிகாரம் போடு. அப்போதும் சரியாகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் குளோரின் போடு. அளவெல்லாம் கண்தான். பெரும்பாலான குளங்களில் இதுவே பலித்தது. பலித்துக்கொண்டே இருந்ததால்தான் நாங்கள் வேறு எதையும் கற்றுக்கொள்ளாமல் இருந்தோம்.

அப்போதுதான் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவராக வசந்தா மேடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த மைசூர்த் தமிழர். வேதியியல் படித்தவர். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். ஆபீஸில் உட்கார்ந்து போனில் வேலை வாங்குவார் என்று நினைத்தோம். முதல் நாளே வேனில் எங்களோடு ஏறி உட்கார்ந்துகொண்டார். இஸ்திரி போட்ட பருத்திச் சுடிதார், கால்களில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு சமையலறை டைமர். மணி அடிக்குமே, அந்த டைமர்.

அன்று போனது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் குளம். கீரை அரைத்து ஊற்றினாற்போல் பச்சை. நான் வழக்கம்போல் குளோரின் டிரம்மைத் திறந்தேன். மேடம் கேட்டார், தண்ணீரில் குளோரின் அளவு என்ன என்று.

"பார்த்தாலே தெரியுதுங்களே மேடம்," என்றேன்.

"பார்த்தா பச்சைன்னுதான் தெரியும் மாதேசண்ணா. ஏன் பச்சைன்னு தெரியாது. சும்னே ஊத்தாதீங்க."

சும்மா என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு பல வருடங்கள் அந்த 'சும்னே' எங்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அவர் டைமரைப் பத்து நிமிடத்துக்குத் திருகிவிட்டு, குளத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே நகராமல் நிற்கிறது, இலைகள் எந்த மூலையில் போய்ச் சேர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த இடத்தில் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது. மணி அடித்தது. எழுந்து, மாதிரி எடுக்கும் பாட்டிலை வாய் கீழாகப் பிடித்து முழங்கை ஆழம்வரை தண்ணீருக்குள் இறக்கினார். அங்கே போன பிறகுதான் பாட்டிலை நிமிர்த்தினார். மேலே மிதக்கும் தண்ணீர் வேறு, உள்ளே இருக்கும் தண்ணீர் வேறு என்றார். சோதனைக் குழாயை அதே தண்ணீரால் இரண்டு முறை அலசினார். சொட்டு மருந்தை வாய்விட்டு எண்ணி விட்டார். வந்த அளவை இரண்டு முறை உரக்கச் சொன்னார். நான் எழுத வேண்டும், எழுதியதைத் திருப்பிப் படிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் டிரம்மைத் திறக்க அனுமதி. அந்தக் குளத்தில் குளோரின் குறைவாக இல்லை. ஃபில்டரில் மணல் கட்டிதட்டிப் போயிருந்தது. மணலை மாற்றினோம், மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. அன்றைக்கு நான் நினைத்தபடி குளோரின் கொட்டியிருந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி பச்சையாகியிருக்கும்.

அவர் எப்படிப்பட்ட மேலதிகாரி என்பதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது, நான் செய்த ஒரு தப்பினால். எங்களிடம் இரண்டு வகைக் குளோரின் இருக்கும். ஒன்று துகள், இன்னொன்று வில்லை. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் ஒரே நெடி. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் கொதித்து விஷப்புகை கக்கும், தீயும் பிடிக்கலாம். இதை அவர் முதல் வாரமே சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். ஒருநாள் காலை, பம்பு அறையில் அவசரத்தில், வில்லைத் தூள் ஒட்டியிருந்த, மருந்து அள்ளும் ஈரப் பிளாஸ்டிக் மக்கை எடுத்துத் துகள் டிரம்முக்குள் விட்டு அள்ளிவிட்டேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். மஞ்சள் புகை முகத்தில் அடித்தது. மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. வாசலில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மேடம் உள்ளே பாய்ந்து, என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அறைக்கு எதிர்ப்பக்கம் காற்று வரும் இடத்தில் உட்காரவைத்தார். எல்லோரையும் தூரப் போகச் சொன்னார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் அவர் எழுதிய அறிக்கையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார். காரணம் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. 'இரண்டு மக்குகளும் ஒரே நிறம்' என்று எழுதியிருந்தார். அந்த வாரமே எல்லாக் குளங்களுக்கும் துகளுக்கு நீல மக்கு, வில்லைக்குச் சிவப்பு மக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே அறையில் இல்லை. ஒவ்வொன்றும் தன் டிரம்மோடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது.

"வேலைய தப்பாவே செய்ய முடியாத மாதிரி வெச்சுக்கணும்," என்றார். "அப்போ அவசரத்துலயும் கை சரியா போகும்."

அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் மறுத்துப் பேசியதாக ஞாபகம் இல்லை.

இப்போது அந்த வீட்டுக் குளத்துக்கு வருகிறேன். விஜயநகர் பக்கம் ஒரு வீடு. அதில் சரோஜா டீச்சர் என்று ஒரு தமிழ் அம்மா. கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். மாணவிகளுக்கு நீச்சல் பழக்கியவர். ஓய்வு பெறும் சமயத்தில் கண்ணில் அழுத்த நோய் வந்து, மூன்று நாலு வருடங்களில் பார்வை முழுதாகப் போய்விட்டது. அவர் மகன் கார்த்திக் மைசூரிலேயே ஹெப்பாளில் ஐ.டி. கம்பெனி வேலையில் இருந்தார். அம்மாவுக்காகவே வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் கட்டினார். அகலம் குறைவு, நீளம் அதிகம், ஆழம் நெஞ்சுவரை. ஒரு பக்கச் சுவரில் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, நீளம் முழுக்க ஒரு ஸ்டீல் கம்பி. அதை ஒன்பது கிளாம்ப் போட்டுச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். டீச்சர் அந்தக் கம்பியை அவ்வப்போது விரலால் தொட்டுக்கொண்டே நீந்துவார். எத்தனை கிளாம்ப் கடந்தது என்ற கணக்கில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தெருவில் நடக்க அவருக்கு ஒரு கை வேண்டும். தண்ணீரில் வேண்டாம். தினமும் காலையில் நாற்பது நிமிடம் அவர் யார் துணையும் இல்லாமல் வேகமாகப் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அந்தக் குளத்தில் கரும்பாசி வந்தது. பச்சைப் பாசி தண்ணீரில் மிதக்கும், கரும்பாசி அப்படியில்லை. டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்டுக்குள் வேர்விட்டு உட்கார்ந்துகொள்ளும். தலைக்குமேல் ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். குளோரின் அந்தத் தோலைத் தாண்டிப் போகாது. பார்க்கிற எங்களுக்கு அது புள்ளி. கால் வைக்கிற டீச்சருக்கு வழுக்கல். ஒருநாள் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. வேறொரு ஆள் வந்து இரண்டு தடவை மருந்து போட்டும் பாசி திரும்பிவிட்டது. அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கார்த்திக் எங்களிடம் கன்னடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இதுதான் கடைசி, இதிலும் சரியாகவில்லை என்றால் மண் கொட்டி மூடிவிடுவேன். அம்மா இன்னொரு முறை விழுவதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றார். டீச்சர் கையில் மாவுக்கட்டோடு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் டைமரைத் திருகிப் பத்து நிமிடம் உட்கார்ந்தார். பிறகு சோதனை. குளோரின் ஏராளமாக இருந்தது. இருந்தும் பாசி சாகவில்லை. அடுத்த சோதனை, குளோரினை வெயிலில் ஆவியாகாமல் பிடித்துவைக்கும் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது. அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். கலங்கலாக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும்; புள்ளி மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குழாய் பாதிக்கு மேல் நிறையும். இங்கே கால்வாசிகூட ஊற்றவில்லை, புள்ளி மறைந்துவிட்டது. அந்த மருந்து வில்லையிலேயே கலந்திருக்கும்; வருடக்கணக்கில் வில்லையையே போட்டுப் போட்டு அது தண்ணீரில் சேர்ந்துவிட்டது. குளோரின் இருக்கிறது, ஆனால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அது கோடை. மேடம் தயங்கினார். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை வெளியேற்ற வேண்டும், அதைத் தோட்டத்துக்கும் விட முடியாது. கார்த்திக்கிடம் விளக்கிச் சம்மதம் வாங்கித்தான் இறைத்தோம். அடுத்த நாலு நாள் நான் அந்தக் குளத்துக்குள்தான் இருந்தேன். பல் துலக்கும் பிரஷ் அளவில் ஒரு கம்பி பிரஷ். ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்து அதன் தலையைத் திறக்க வேண்டும். திறந்த உடனே, கையுறை போட்டுக்கொண்டு, குளோரின் வில்லையை அந்த இடத்தில் சாக்பீஸ் மாதிரி வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். மேடம் எனக்குப் பின்னால் வந்து விரல் நகத்தால் சோதிப்பார். கறுப்பு ஒட்டினால் மறுபடி பிரஷ். ஃபில்டர் மணல் முழுவதையும் மாற்றினோம். புதுத் தண்ணீர் விட்டு, அதன் காரத்தை, அதாவது பி.எச். அளவை, ஏழு புள்ளி இரண்டுக்கு இறக்கி, பம்பை இரவு பகலாக ஓடவிட்டோம். ஐந்தாம் நாள் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. நான் மேடத்தைப் பெருமையோடு பார்த்தேன். அவர் மட்டும், இரண்டு வாரம் போகட்டும், யாரும் இறங்க வேண்டாம் என்றார்.

இரண்டு வாரம் முடிவதற்குள் கார்த்திக் போன் செய்தார். கம்பி இருந்த சுவரில் மறுபடி புள்ளிகள்.

நாங்கள் போனபோது அவர் கோபமாக இருந்தார். வெளியேற்றிய தண்ணீரைப் பற்றிக் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட நேரத்தில் நாங்கள் சொல்லும் பதில்கள் உண்டு. காற்றில் வந்திருக்கும், யாராவது இறங்கியிருப்பார்கள், பக்கத்து மரத்திலிருந்து விழுந்திருக்கும். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் அவர் முன்னால் போய் நின்று தமிழில் சொன்னார்:

"நான் போட்ட கணக்கு பாதிதான் சரி. இன்னொரு பாதிய நான் பார்க்கல. உங்க தண்ணிய வீணாக்கினது என் தப்பு."

ஒரு மேலதிகாரி வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கார்த்திக்கும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. பிறகு குரல் தணிந்து, ஆனாலும் முடிவு முடிவுதான், திங்கட்கிழமை மண் வண்டி வருகிறது என்றார். அன்று வியாழக்கிழமை.

மேடம் குளத்தருகே போகவில்லை. வராந்தாவுக்குப் போய் டீச்சருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க நீந்துறப்போ முதல்ல எங்க வழுக்கும்?"

டீச்சர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நாலாவது கிளாம்ப்ல. அடிப்பக்கம். வெண்டைக்காய் நறுக்கின கத்தி மாதிரி இருக்கும். அது வந்து நாலஞ்சு நாள் கழிச்சுதான் நீங்கள்லாம் புள்ளி தெரியுதும்பீங்க."

இதை அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். முதலில் வந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டு, பளபளவென்று இருக்கிறதம்மா, உங்களுக்குத் தோன்றுகிறது என்றாராம். மகனும் பார்த்தார், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குமேல் டீச்சர் சொல்வதை விட்டுவிட்டார். பார்வை உள்ளவர்கள் இத்தனை பேர் சொல்லும்போது தன் விரல்தான் தப்போ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

நானும் அந்தக் கிளாம்பை நாலு நாளும் துடைத்தவன். கிளாம்ப் சுவரில் சேரும் இடத்தில் கிண்ணம் கவிழ்த்தாற்போல் ஒரு மூடித் தகடு இருக்கும். அதைத் துடைத்தேன், என் முகம் தெரிந்தது, நகர்ந்துவிட்டேன்.

மேடம் எழுந்து, டீச்சர் ஒருமுறை தண்ணீரில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று கார்த்திக்கிடம் அனுமதி கேட்டார். அவர் முடியவே முடியாது என்றார். மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்போது டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "கார்த்தி, கேக்காதவங்களுக்கு சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு. இவங்க கேக்கறாங்க. நான் காட்டறேன்," என்றார்.

இடுப்பளவு வரும்வரை தண்ணீரை இறக்கினோம். வழுக்கும் படிகளில் சாக்கு விரித்தேன். டீச்சருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மேடம், சுடிதாரோடு தண்ணீரில். கார்த்திக் கரையில் ஷூவைக் கழற்றிவிட்டு, எந்த நேரமும் குதிக்கத் தயாராக நின்றார். டீச்சர் நல்ல கையைக் கம்பியில் வைத்து நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கிளாம்ப்களை எண்ணிக்கொண்டே போனார். நாலாவதில் நின்றார். தகட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்து, "இங்க," என்றார். பிறகு மேலே நடந்து ஏழாவதிலும் நின்று, "இங்கயும், கொஞ்சமா," என்றார். மற்ற ஏழையும் தொட்டுவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் ஸ்குரூ டிரைவர் எடுத்து நாலாவதன் தகட்டைக் கழற்றினேன். பின்னால் ஒரு கை முஷ்டி போகும் அளவுக்குப் பொந்து. உள்ளே தார் மாதிரி கறுப்பாகக் கொழகொழவென்று பாசி. சாக்கடைச் சேற்றின் நாற்றம். டைல்ஸ் வேலை முடிந்த பிறகு கம்பி பொருத்த வந்தவர்கள் சுவரைக் குடைந்திருக்கிறார்கள். குடைந்ததை அடைக்காமல் தகட்டை வைத்து மூடிவிட்டார்கள். அந்தப் பொந்துக்குள் தண்ணீர் ஓட்டம் இல்லை, குளோரின் போகாது. ஆனால் தகட்டின் விளிம்பில் கொஞ்சம் வெளிச்சம் போகும், பாசிக்கு அது போதும். யாராவது கம்பியைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் தகடு ஒரு நூலளவு அசைந்து உள்ளேயிருந்து கொஞ்சத்தை வெளியே தள்ளியிருக்கிறது. நாங்கள் வெளியே வருஷம் முழுக்கத் தேய்த்தாலும் அது தீர்ந்திருக்காது.

எனக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது. டைல்ஸ்காரனாக இருந்தவன் நான். கம்பி பொருத்துகிறவர்கள் இப்படிப் பொந்து விட்டுப் போவதை எத்தனையோ கட்டடங்களில் பார்த்துத் திட்டியிருக்கிறேன். அந்த அறிவு என்னிடமே இருந்தது, தகட்டின் பளபளப்பைப் பார்த்து அதை மறந்துவிட்டேன். மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர், "நல்லதாப் போச்சு. அப்போ அடைக்கறதும் உங்களுக்குத் தெரியும் அல்வா?" என்று, 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில் கேட்டார். அவ்வளவுதான்.

கார்த்திக் குளத்தின் விளிம்பில் குந்தி அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். டீச்சருக்கு அது தெரியாது. கார்த்திக் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய், மண் வண்டி வேண்டாம் என்று சொல்வது கேட்டது.

அதற்குப் பிந்தைய வேலையில் ரகசியம் எதுவும் இல்லை. குளத்தை முழுக்க இறைக்காமல், இறங்கியிருந்த தண்ணீரைக் கம்பிக்குக் கீழேயே வைத்துக்கொண்டோம். கம்பியைக் கழற்றினோம். ஒன்பது துளைகளையும், டீச்சர் நல்லது என்று சொன்ன ஏழு உட்பட, சுத்தமான சிமென்ட் தெரியும்வரை சுரண்டினேன். குளோரின் கரைசலில் நனைத்த துணியை ஒவ்வொரு துளையிலும் திணித்து ஒருநாள் விட்டோம். பிறகு தண்ணீர் புகாத சிமென்டை விரலால் அழுத்தி அழுத்தி, காற்றுக்குமிழி இல்லாமல், விளிம்புவரை அடைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு, கரையில் குத்தவைத்துக் குனிந்து செய்த சிமென்ட் வேலை. முட்டி வலித்தது. ஆனாலும் அந்த ஒன்பது துளைகளை அடைத்ததுபோல் நான் எதையும் அடைத்ததில்லை. நன்றாக இறுகட்டும் என்று ஒரு வாரம் விட்டு, சுவரில் வந்திருந்த புள்ளிகளையும் முன்போலவே தேய்த்தெடுத்து, கம்பியைப் பூட்டித் தண்ணீர் நிரப்பினோம். மூடித் தகடுகளைத் திரும்ப வைக்கவே இல்லை. மூடியிருந்தால்தானே மறைவு என்றார் மேடம்.

பிறகு ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை போனோம். மேடம் அங்கே தன் சோதனை வரிசையை மாற்றிக்கொண்டார். முதலில் டீச்சரின் விரல், அப்புறம்தான் பாட்டில். டீச்சர் படியில் உட்கார்ந்து கையை நீட்டிச் சுவரையும் கம்பியையும் தடவிப் பார்ப்பார். அவர் சொல்வதை மேடம் இரண்டு முறை உரக்கச் சொல்வார், நான் எழுதிக்கொண்டு திருப்பிப் படிப்பேன். 'நாலாவது கிளாம்ப், வழுக்கல் இல்லை.' குளோரின் அளவை எழுதும் அதே தாளில், அதே மையில். டீச்சர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார். கல்லூரியில் மாணவிகளை வரிசையில் நிற்கவைத்தபோது அவர் எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மாதம் முடிந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. நீந்தலாம் என்று மேடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை நாங்களும் போயிருந்தோம். கார்த்திக் முன்னெச்சரிக்கையாகக் குளத்தின் கடைசிப் பக்கத்தில் இறங்கிக் கைகளை விரித்து நின்றார். டீச்சர் படியில் இறங்கி, கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு, சுவரைக் காலால் உந்தினார். சத்தமே இல்லாத நீச்சல். ஒன்பதாவது கிளாம்பைத் தொட்டதும் மகனின் கைக்கு ஒரு முழம் முன்னாலேயே திரும்பிவிட்டார். திரும்பி வந்து, மறுபடி போனார். மூன்றாவது முறை கார்த்திக் கைகளை இறக்கிக்கொண்டு கரையேறினார். முகத்தைத் துடைப்பதுபோல் துண்டை ரொம்ப நேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

நாற்பது நிமிடம் கழித்து டீச்சர் வந்து படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மேடம் எங்கே என்று கேட்டு, பக்கத்தில் வரச் சொன்னார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதில்ல?" என்றார்.

மேடம் கொஞ்சம் தடுமாறி, தெரியாது என்று ஒப்புக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக எத்தனை குளங்களின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு நாளும் சொன்னதில்லை.

"அன்னிக்கு தண்ணியில என் தோளைப் பிடிச்சீங்க. நீங்க என்னைத் தாங்கல, என்மேல தொங்கிட்டு வந்தீங்க," என்றார் டீச்சர். "அடுத்த ஞாயிறு மாத்து துணி எடுத்துட்டு வாங்க."

மேடம் மறுப்பார் என்று நினைத்தேன். சரி டீச்சர் என்றார், பள்ளிக்கூடப் பெண் மாதிரி.

அடுத்த ஞாயிறு எனக்கு அந்த வீட்டில் வழக்கமான சோதனை இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் தண்ணீரில் இருந்தார்கள். மேடம் மல்லாந்து படுத்திருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். டீச்சரின் ஒரு உள்ளங்கை அவர் முதுகுக்கு அடியில் இருந்தது. காது தண்ணீருக்குள் போகட்டும், கழுத்தை விட்டுவிடு, வயிற்றை மேலே தூக்கு என்று டீச்சர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சை நிறுத்தாமலே அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கினார். பிறகு முழுதாக விலக்கிக்கொண்டார். மேடத்துக்கு அது தெரியவில்லை. தண்ணீர் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மாதிரி எடுக்க நான் பாட்டிலை இறக்கினால் அலை எழும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கரையேறும்வரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.